ரோஜாத் தண்டும் கால் மணி நேரமும்

பச்சை ஃபோம் தண்ணீரில் நனையும்போது ஒரு வாசனை வரும், உனக்குத் தெரியும். மருந்துக்கடையும் புது பிளாஸ்டிக் வாளியும் சேர்ந்த மாதிரி. பூ வேலை செய்கிறவள் கையில் பூ வாசனை அடிக்கும் என்றுதான் நம் தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கையில் இதுதான் அடிக்கிறது, சோப்பு போட்டாலும் போகவில்லை. இன்று திங்கட்கிழமை. ஷெட்டில் தொட்டியை நிரப்பி, ரோஜா செருகுவதற்கான நாலு ஃபோம் கட்டிகளை மிதக்கவிட்டேன். வாசனை வந்தது. கூடவே கோபமும் வந்தது. உன் மேல்தான். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது திட்டியது போதாதா அக்கா என்று கேட்பாய். போதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும். பதில் வராது. இருந்தபோதே நீ கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிற ஆள் இல்லை. நான் பத்து வார்த்தை பேசினால் நீ ஒரு வார்த்தை பேசுவாய், அதிலும் பாதியைத் தொட்டிக்குள் குனிந்துகொண்டு பேசுவாய்.

ஒரகடத்தில் அந்த கார் வயரிங் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் ஒரே லைனில் நின்றவர்கள். நான் லைன் லீடர், நீ எனக்கு மூன்றாவது ஸ்டேஷன். கான்ட்ராக்ட் முடிந்தது என்று ஒரே நாளில் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் சூப்பர்வைசரைத் திட்டித் தீர்த்தேன். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, கம்பெனி ரிசப்ஷன்ல பூ வெக்கிறாங்களே, அத்த யாரு வந்து வெக்கிறாங்க?" என்று கேட்டாய். வேலை போன அன்றைக்குக் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நீ ஓசூரில் ரோஜாப் பண்ணையில் இரண்டு வருஷம் பேக்கிங் செய்தவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருஷம் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஏண்டி சொல்லவில்லை என்றதற்கு, "நீ கேக்கலியேக்கா" என்றாய்.

எனக்கு வாய், உனக்குக் கை. அப்படித்தான் தொடங்கினோம். நான் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிப் பேசினேன், நீ என் வீட்டு முன்னால் இருக்கும் ஷெட்டில் உட்கார்ந்து செருகினாய். ஒரகடத்தில் மூன்று கம்பெனி கிடைத்தது. மூன்றில் பெரியது ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி. வெளிநாட்டு கஸ்டமர்கள் வந்து போகிற இடம். அங்கே ரிசப்ஷன் மேசையில் திங்கட்கிழமை வைக்கும் ரோஜா புதன்கிழமை சாயங்காலம் வரை தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மற்ற இரண்டு பேரும் நம்மைக் கூப்பிட்டார்கள். அது போனால் எல்லாமே போய்விடும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஓசூரிலிருந்து வரும் பஸ்ஸில் பூப்பெட்டி விடியற்காலையில் சுங்குவார்சத்திரத்தில் இறங்கும். நான் வண்டியில் போய் எடுத்து வருவதற்குள் நீ தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைத்திருப்பாய். "சோறு துன்ற தட்டு மாரி கழுவணும்க்கா. வழவழன்னு இருந்தா தண்டு வாயி அடச்சிக்கும்." பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு தண்டாகத் தண்ணீருக்குள் முக்கி, தண்ணீருக்குள்ளேயே அடியில் ஒரு விரல் அளவு சாய்வாக வெட்டுவாய். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஓசூரில் வெட்டித்தானே அனுப்புகிறார்கள், மறுபடியும் எதற்கு வெட்டுவது, அதுவும் மார்கழிக் குளிரில் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு.

"வெட்டுன வாயில காத்து பூந்துகினு கீதுக்கா. அந்த துண்ட வெட்டிப் போட்டாத்தான் தண்ணி ஏறும்."

"ஏறும்னா எப்டி? உள்ள மோட்டாரா கீது?"

"கீது. ஆனா கீழ இல்ல, மேல கீது. இலைதான் மோட்டாரு."

இவ்வளவுதான் சொன்னாய். அதற்கு மேல் பிடுங்க ஒரு வாரம் ஆனது. தண்டுக்குள் தலைமுடியை விட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன, இலையும் இதழும் காற்றில் ஈரத்தை விட விட, கீழே இருக்கும் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி மேலே இழுபட்டுப் போகிறது, கீழேயிருந்து யாரும் தள்ளுவதில்லை. நூல் நடுவில் அறுந்தால் அதோடு சரி. ஒரு பொட்டுக் காற்று குறுக்கே நின்றுவிட்டால் அந்தக் குழாயில் தண்ணீர் ஏறாது. அப்படிக் குழாய்கள் அடைத்துக்கொண்டே போனால் முதலில் பூவுக்குக் கீழே கழுத்து மடங்கும், பூ தரையைப் பார்க்கும். "தண்ணிலயே நின்னுகினு தண்ணி இல்லாம செத்துப்பூடும்க்கா" என்றாய். நம் ஊர் போர் தண்ணீரில் நின்றால் மனுஷனே செத்துவிடுவான், ரோஜாவைச் சொல்ல வேண்டுமா என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அது ஒரு நல்ல நாள்.

மற்ற நாள்களில் சண்டைதான். கார் பார்ட்ஸ் கம்பெனி அட்மின் சார் தண்டு சுத்தமாக இருந்தால் அழகாக இருக்கிறது என்று சொன்னார் என்பதற்காக நான் ஒரு திங்கட்கிழமை எல்லா இலையையும் உருவிவிட்டேன். நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாய். "மோட்டாரப் புடுங்கி எறிஞ்சிட்டியேக்கா." மேலே நாலு இலையாவது விட வேண்டுமாம், தண்ணீரில் முங்குகிற இலையை மட்டும் எடுக்க வேண்டுமாம். இதை முன்னாலேயே சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று நான் கத்தினேன். அன்றைக்கு முழுக்க ஆளுக்கொரு மூலையில் வேலை செய்தோம்.

ஆனால் நான் உன்னை அதிகமாகத் திட்டியது ஃபோமுக்காகத்தான். ரோஜாக்களை வெட்டி வாளியில் நிறுத்திவிட்டு, ஃபோம் கட்டிகளைத் தொட்டியில் போடுவாய். போட்டுவிட்டு, கவிழ்த்த பிளாஸ்டிக் கிரேட் மேல் உட்கார்ந்துகொள்வாய். சும்மா. கையை மடியில் போட்டுக்கொண்டு. நான் உள்ளே போய் சட்னி அரைத்து, வீட்டுக்காரருக்கு டிபன் கட்டி, அட்மினுக்கு போன் போட்டுவிட்டு வந்து பார்த்தால் இன்னும் உட்கார்ந்திருப்பாய். எனக்கு மண்டை வெடிக்கும். ஒன்பது மணிக்கு மூன்று ரிசப்ஷனிலும் பூ இருக்க வேண்டும், இவள் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று.

"அத்த அமுக்கினாத்தான் இன்னா? ஒரு நிமிசத்துல நனஞ்சிடும்."

"அமுக்கக் கூடாதுக்கா. அதுவா முழுகணும்."

"எம்மா நேரம்?"

"முழுகிற வரைக்கும்."

இதுதான் உன் பதில். நான் தினுசு தினுசாகத் திட்டியிருக்கிறேன். லைனில் இருந்திருந்தால் உன்னை மெமோ கொடுத்து அனுப்பியிருப்பேன் என்று கூடச் சொன்னேன். நீ கோபப்பட மாட்டாய். கால் மணி நேரம் கழித்து, முட்டியில் கையை ஊன்றி எழுந்து, செருகத் தொடங்குவாய். உன் ரோஜாக்கள் வியாழக்கிழமை வரைக்கும் நின்றன. அதனால் மட்டும்தான் உன்னைப் பொறுத்துக்கொண்டேன் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "எய்ந்து பல்லு வெளக்கப் போனாக்கா. குயாயண்டயே வுயுந்துட்டா." ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் நல்லா இருந்தவ திடீர்னு போயிட்டாளே என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னது நான்தான். சனிக்கிழமை கூட நல்லா இருந்தாளே என்று சொல்லி மார்பில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே கம்பெனிக்காரர்கள் பூ கேட்டார்கள். அவர்களுக்கு என்ன, திங்கட்கிழமை வந்தால் பூ வேண்டும். நான் தனியாகச் செய்தேன். நீ செய்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். தொட்டியைத் தட்டு மாதிரி கழுவினேன். தண்ணீருக்குள் வெட்டினேன், விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டேன். மேலே நாலு இலை விட்டேன். ஃபோமை மட்டும் இரண்டு கையாலும் அமுக்கினேன். இவள் மாதிரி உட்கார்ந்திருந்தால் வேலைக்கு ஆகுமா, நான் ஒருத்தி, மூன்று கம்பெனி. ஒரு நிமிஷத்தில் கட்டி கனத்துப் பச்சையாகிவிட்டது. பார்த்தாயா, இதற்குத்தான் கால் மணி நேரமா என்று ஷெட்டில் யாரும் இல்லாதபோது உன்னிடம் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அட்மின் சார் போன் செய்தார். அந்தத் தென்காசிப் பையன்தான், உனக்குப் பிடிக்குமே. "அக்கா, பூவெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கி. வந்து பாக்கேளா?" போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் கழுத்து விழுந்திருந்தது. மாற்றி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வர்ற வியாழக்கிழமை கஸ்டமர் விசிட் இருக்கு, பெரிய சார்மாரெல்லாம் வாராங்க. புதன்கிழமை பூ வைங்க, மூணு நாள் நிக்கணும். இந்தத் தடவையும் விழுந்துச்சுன்னா பிளாஸ்டிக் பூ வாங்கி வச்சிரலாம்னு மேனேஜர் சொல்லிட்டாருக்கா. என் கையில ஒண்ணுமில்ல."

பிளாஸ்டிக் பூ. நாம் கட்டிய எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பூவில் போய் முடியப்போகிறது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. முதலில் தண்ணீர் மேல் கோபப்பட்டேன், உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். விழுந்தது. ரிசப்ஷன் ஏசி மேல் கோபப்பட்டு மேசையை நகர்த்தச் சொன்னேன். அங்கேயும் விழுந்தது. ஓசூர் பண்ணைக்காரருக்கு போன் போட்டு, பழைய பூவை என் தலையில் கட்டுகிறீர்களா என்று கேட்டேன். அவர் பாவம், நீ இறந்துபோன செய்தியை என் வாயால்தான் முதலில் கேட்டார். எப்போது, எப்படி என்று விசாரித்தார். பிறகு, "அவங்க இருந்தா கேட்டே இருக்க மாட்டாங்க. சரி, வாளியில நிக்கிற பூ விழுதா?" என்றார்.

அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. மிச்சமான ரோஜாக்கள் வாளியில் நாலு நாளாக நிமிர்ந்து நின்றுகொண்டுதான் இருந்தன. விழுந்த பூக்களைக் கூட நீ செய்கிற மாதிரி மறுபடி வெட்டி, பேப்பரில் சுற்றித் தண்ணீரில் படுக்கப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் கழுத்து நிமிர்ந்தது. ஃபோமில் செருகினால்தான் மறுபடி விழுந்தது.

"அப்ப தண்ணி தண்டு வாய் வரைக்கும் வருதான்னு பாருங்கக்கா. வெள்ளைப் பூவக் கலர் தண்ணில வெச்சா தெரிஞ்சுரும்" என்றார்.

கலருக்கு எங்கே போவது. சமையல்கட்டில் கேசரி பவுடர் இருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் கலக்கினேன், ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஆனது. ஃபோம் கட்டியை அதில் வழக்கம் போல் அமுக்கி எடுத்தேன். பத்து வெள்ளை ரோஜாவை அதில் செருகிவிட்டு, என் வேலையைப் பார்க்கப் போனேன். வேலை எங்கே ஓடியது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து பார்த்தேன். மதியம் ஆனபோது ஓரத்தில் செருகிய நாலு பூவில் இதழ் நுனியில் ஆரஞ்சு தெரிந்தது. பிறகு கோடு கோடாக, நரம்பு நரம்பாக ஏறியது. உண்மையாகச் சொல்கிறேன், அவ்வளவு எரிச்சலிலும் எனக்கு அது அதிசயமாக இருந்தது. நீ சொன்ன நூல் கண்ணுக்குத் தெரிந்தது. யாரும் தள்ளாமல், சத்தமில்லாமல், அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

நடுவில் செருகிய ஆறு பூவில் ஒரு பொட்டு நிறம் இல்லை. வெள்ளைவெளேரென்று நின்றன. சாயங்காலத்துக்குள் அந்த ஆறு பூவில் நாலுக்குக் கழுத்து விழுந்தது. கத்தியை எடுத்து ஃபோம் கட்டியைக் குறுக்கே வெட்டினேன். ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறம், நல்ல ஈரம். நடுவில் உள்ளங்கை அளவு உலர்ந்த பச்சை, விரலால் தொட்டால் பொடி உதிர்ந்தது. நான் அமுக்கின அமுக்கில் தண்ணீர் நாலு பக்கமும் மூடிக்கொண்டு, உள்ளே இருந்த காற்று வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. ரோஜாக்களை ஈரத்தில் செருகுவதாக நினைத்துக்கொண்டு மூன்று வாரமாகக் காற்றில் செருகியிருக்கிறேன்.

அதுவா முழுகணும் என்றாயே, அதற்கு இதுதான் அர்த்தம் என்று ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கலாம். உள்ளே காத்து நின்றுவிடும் அக்கா என்று நாலு வார்த்தை. நான் ஷெட்டில் தரையில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் புது ஃபோமை எடுத்து, தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, மெதுவாக மேலே வைத்தேன். தொடவில்லை. இன்றைக்கு உன் மாதிரியே செய்கிறேன் பார் என்று, உன் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, கால் மணி நேரம் உட்காரத் தயாராகி, புடவையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கட்டி முக்கால்வாசி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விளிம்பு வரை மூழ்கி அப்படியே நின்றது. ஒரு தோசை வேகிற நேரம் கூட ஆகவில்லை.

இது சின்னக் கட்டியாக இருக்கும் என்று இன்னொன்று வைத்தேன். அதுவும் அவ்வளவு நேரம்தான். மூன்றாவதை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை நிமிஷம். வெட்டிப் பார்த்தேன், நடு வரைக்கும் ஈரம். ஃபோமுக்குக் கால் மணி நேரம் தேவையே இல்லை.

இத்தனை வருஷம் நான் தொட்டியை ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். ஃபோம் நனைப்பது உன் வேலை என்று விட்டுவிட்டேன். கட்டி மூழ்கிய பிறகும் நீ உட்கார்ந்திருந்தாய். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாய். முட்டியில் கையை ஊன்றி எழுந்தது, வாளியைத் தூக்காமல் தரையில் இழுத்துக்கொண்டு போனது, மழைக்காலத்தில் கால் வீங்கிச் செருப்பு வார் ஏறவில்லை என்று வெறுங்காலோடு வந்தது, எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்தன. ஒரு நாள் நான் கேட்டேனே, ஃபோம் முழுகணும்னு உக்காந்துகினு கீறியா, இல்ல உக்காரணும்னு ஃபோமச் சாக்கு சொல்றியா என்று. "ரெண்டுந்தாங்க்கா" என்று சிரித்தாய். நான் அதை நக்கல் என்று நினைத்தேன்.

பூவை ரிசப்ஷனில் வைத்துவிட்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் தான் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸை வாசலில் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பைப்பை மூடினார்.

"அவளுக்கு முன்னாடியே இருந்துச்சா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வால்வு சுருங்கிகினு கீதுன்னு ரெண்டு வருசம் முன்னாடியே டாக்டரு சொல்ட்டாருக்கா. ஆப்ரேசன் பண்ணணும், வெயிட்டு தூக்கக் கூடாதுன்னாரு. தை மாசம் பண்ணிக்கிறேன், பசங்க பரிச்சை முடியட்டும், அப்டியே சொல்லிகினு இருந்தா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினா. அக்காவுக்குத் தெரிஞ்சா வேலைய வுட்டு நிறுத்திடும்னா. அந்த வேலைன்னா அவளுக்கு உசுரு."

நான் அப்படிச் செய்திருக்கவே மாட்டேன் என்று அவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். அது பொய். நிறுத்தியிருப்பேன். அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாத விஷயம். நீ வீட்டில் கிடடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பேன், அது பாசம் என்று நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பேன். நீ என்னைச் சரியாகத்தான் அளந்து வைத்திருந்தாய். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் கத்துகிறவள், நிறுத்துகிறவள், எல்லாம் சரி. சண்டை போட்டிருக்கலாமே. நான் உட்காந்துகினே செருகுறேன், நீ தூக்கு, இல்லன்னா போ என்று சொல்லியிருக்கலாமே. மோட்டாரைப் பிடுங்கி எறிந்தாயே என்று ஒரு இலைக்காக என்னை முறைத்தவள்தானே நீ. உனக்காக ஒரு தரம் முறைத்திருந்தால் என்ன.

வியாழக்கிழமை விசிட் முடிந்தது. வெள்ளிக்கிழமையும் ஒரு ரோஜா கூடத் தலை குனியவில்லை. அட்மின் சார் போட்டோ எடுத்து அனுப்பி, "சூப்பருக்கா, மேனேஜர் பிளாஸ்டிக் பேச்சையே விட்டுட்டாரு" என்று எழுதியிருந்தார். வேலை நிலைத்தது. நான் அந்தப் போட்டோவை யாரிடமும் காட்டவில்லை. காட்ட வேண்டிய ஆள் நீ ஒருத்திதான்.

இப்போது செல்வி வருகிறாள், பின்தெரு செல்வி. ஹவுஸ்கீப்பிங் வேலையை விட்டுவிட்டு வந்தவள், முப்பது வயது. நல்ல கை, உன் அளவுக்கு இல்லை. சேர்ந்த முதல் நாளே ஃபோமை ஏன் அமுக்கக் கூடாது, தண்ணீருக்குள் ஏன் வெட்ட வேண்டும், இலை ஏன் வேண்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கேட்கவே இல்லை, நானே சொன்னேன். இரண்டாவது வாரம், ஃபோமை மிதக்கவிட்டுக் கிரேட்டில் உட்கார்ந்தாள். கட்டி மூழ்கிய பிறகும் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"இன்னா பண்ணுது உனுக்கு?"

"ஒண்ணும் பண்ணலக்கா. சும்மாதான்."

சும்மா என்ற வார்த்தையை நான் இனிமேல் நம்புவதாக இல்லை. வேலை முடிந்ததும் வண்டியில் ஏற்றி வாலாஜாபாத் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று அழாத குறை. அந்த டாக்டரம்மா அவளைப் பரிசோதித்து, ஈசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, இவளுக்கு ஒன்றுமே இல்லை என்றார்கள். என்னைப் பார்த்து, "நீங்க வாங்க, உங்க பிரஷரப் பாக்கலாம்" என்றார்கள். எனக்குத்தான் அதிகமாக இருந்தது. திரும்பி வரும்போது செல்வி வண்டியில் என் மேல் படாமல் தள்ளி உட்கார்ந்து வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் உட்காருவதை விட்டுவிட்டாள். ஃபோமை மிதக்கவிட்டுவிட்டு, தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரு என்றேன். "வேணாங்க்கா, நல்லாத்தான் கீறேன்." கிரேட்டை அவள் பக்கம் தள்ளினேன். "வேணாங்க்கா. உக்காந்தா நீ டாக்டராண்ட இட்டுகினு பூடுவ" என்றாள். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. கேட்காமல் உன்னைத் தொலைத்தேன், கேட்டுக் கேட்டு இவளை நிற்க வைத்துவிட்டேன். நான் எதைச் செய்தாலும் என் முன்னால் ஒருத்தி உடம்பை மறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரியே ஆகிறது, அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அதனால் இப்போதெல்லாம் முதலில் நானே உட்கார்ந்துவிடுகிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டது என்கிறேன், பிடிக்காத நாளிலும். கட்டி மூழ்கிய பிறகும் எழுவதில்லை. செல்வி கொஞ்ச நேரம் வாளியை நகர்த்துகிற மாதிரி, கத்தியைத் துடைக்கிற மாதிரி சுற்றிவிட்டு, பிறகு எதிரில் வந்து உட்காருகிறாள். நான் அவளைப் பார்ப்பதில்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் ஆனதும் எழுந்து செருகினோம், ஒன்பது மணிக்கு மூன்று ரிசப்ஷனிலும் பூ இருந்தது. எத்தனையோ வாரமாக இப்படித்தான் நடக்கிறது, ஒரு நாளும் தாமதமானதில்லை, ஒருத்தரும் எங்களை ஏன் என்று கேட்டதில்லை. இந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் திங்கட்கிழமை தவறாமல் உன்னைத் திட்டினேன்.